நெத்திலிக்கு விலைபோன மரகதாம்பாள்

காஜா பேராங், மலாக்கா
24 ஆகஸ்ட் 2603

பூங்காவனத்துக்கு,

இங்கே நான் நலம். உன் அப்பா வீட்டில் நீயும் நலமாகத்தான் இருப்பாய். அங்கே மரவள்ளிக்கிழங்குக்குப் பஞ்சமில்லை.

இன்று ஆபீஸிலிருந்து வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு மல்லிகா சாவியைக் கொண்டுவந்து நீட்டி, "அக்கா அப்பாசாமி வண்டியில ஏறி செங்குல அவங்க அப்பா வீட்டுக்குப் போயிட்டாங்கண்ணே. காரணம் கேட்டா, உங்களுக்கே தெரியும்னு சொல்லச் சொன்னாங்க" என்றாள். தெருவில் நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

காரணம் தெரியும். நியாயம் யார் பக்கம் என்பதைத்தான் நீ யோசிக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் பின்கட்டு ஜன்னலோரம் பாயை விரித்துச் சாய்ந்தவள், ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் வரை எழுந்திருக்கவில்லை. கையில் அந்த மட்கிய நாவல், 'மரகதாம்பாள் அல்லது மாயமான மாளிகைச் சாவி'. உன் கலியாணப் பெட்டியில் வந்தது, அட்டைகூடக் கிடையாது. நான் மூன்று முறை கூப்பிட்டதற்கு ஒரு "ம்" வந்தது. பங்கீட்டில் அந்த வாரம் கிடைத்த அரிசி அத்தனையையும் கஞ்சிக்குப் போட்டுவிட்டு, பானை அடிப்பிடித்துக் கரியாகிப் புகை கூரைக்கு ஏறும் வரை மரகதாம்பாள்தான் உனக்குப் பெரிதாகப் போய்விட்டாள். நான் உணவுப் பங்கீட்டு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. என் வீட்டிலேயே அரிசி கருகியது என்று தெரிந்தால் ஊர் சிரிக்காதா?

ஆத்திரத்தில் திங்கட்கிழமை காலை அந்தப் புத்தகத்தை நல்லையா கடையில் கொடுத்து நெத்திலிக் கருவாடு வாங்கி வந்தேன். காகிதம் கிடைக்காத காலம், பொட்டலம் மடிக்க அவருக்கு ஆகும். கருவாடு நமக்கு ஆகும். புத்தகம் எங்கே என்று தேடுவதற்கு முன்னால் அந்தக் கருவாட்டை நீயும்தானே ருசித்துச் சாப்பிட்டாய்?

நாளை அப்பாசாமி வண்டி டவுனுக்கு வரும்போது ஏறி வந்துவிடு. பழையதைப் பேச மாட்டேன்.

இப்படிக்கு,
சேதுராமன்


செங்
26 ஆகஸ்ட் 1943

கிராணி ஐயா அவர்களுக்கு,

முதலில் ஒன்று. நமக்கு இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. இரண்டாயிரத்து அறுநூற்று மூன்று என்பதெல்லாம் ஜப்பான்காரன் ஆபீஸோடு இருக்கட்டும். பெண்டாட்டிக்கு எழுதும் கடிதத்திலும் அவன் வருஷத்தைப் போடுகிறீர்களே, நான் என்ன உங்களிடம் அரிசி வாங்க வரிசையில் நிற்கிறேனா?

கஞ்சி கருகியது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். அதற்கு நீங்கள் திட்டியிருக்கலாம். ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கலாம். கலியாணமாகி வந்த நாளிலிருந்து நான் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? விடிந்தால் வரிசை, வரிசை விட்டால் கிழங்கு சீவுவது, அதை விட்டால் பின்னால் கொல்லையைக் கொத்துவது. பெட்டியில் கிடந்த புத்தகத்தை ஒரு தடவையாவது முழுசாகப் படிக்க வேண்டும் என்று எத்தனை நாள் ஆசை தெரியுமா? அந்த இரண்டு நாள் எனக்கு இந்த யுத்தமே இல்லை. ஜப்பான்காரனும் இல்லை, கிழங்கும் இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது, நான் மாளிகையின் மேல்மாடியில் இருந்தேன். அதைத்தான் நீங்கள் கருவாட்டுக்கு விற்றீர்கள்.

அதுவும் எந்த இடத்தில்! கொடியவனான சித்தப்பா சொத்துக்காக மேல்மாடியில் பூட்டி வைத்த மரகதாம்பாள், இனிப் பொறுக்க முடியாது என்று வெள்ளம் புரளும் ஆற்றில் குதித்துவிட்டாள். இருபத்துநாலாம் அதிகாரம் முடிந்தது. அவள் பிழைத்தாளா, செத்தாளா? மாளிகைச் சாவியை எடுத்தது யார்? அவ்வப்போது ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றுவிட்டுப் போகிற கறுப்பு அங்கிக்காரன் யார்? எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் கருவாட்டைப் பற்றி எழுதுகிறீர்கள்.

என் தீர்மானம் இதுதான். புத்தகத்தின் தாள் ஒவ்வொன்றும் என் கைக்கு வந்து சேர வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் நான் காஜா பேராங்கில் கால் வைக்க மாட்டேன். நியாயம் கேட்க அப்பாவுக்குத் தனியாக எழுதாதீர்கள். அவர் என் பக்கம்.

பூங்காவனம்


காஜா பேராங்
30 ஆகஸ்ட் 1943 (போதுமா?)

பூங்காவனத்துக்கு,

உன் பிடிவாதத்துக்குப் பயந்து நான் இதைச் செய்தேன் என்று நினைக்காதே. வீட்டில் சமைக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

நல்லையா கடைக்குப் போனேன். அந்த மனுஷர் புத்தகத்தை நூல் பிரித்துத் தாள் தாளாக அடுக்கி, மேலே படிக்கல்லை வைத்திருக்கிறார். பாதிக்கு மேல் பொட்டலமாகப் போய்விட்டது. மிச்சத்தைக் கொடுங்கள் என்றால், "தம்பி, கருவாட்ட நீங்க தின்னாச்சு. இப்ப தாளயும் கேட்டா நான் மஞ்சளக் கையிலயா அள்ளிக் குடுப்பேன்?" என்கிறார். கடைசியில் என் குடையைக் கொடுத்து மிச்சத்தை மீட்டேன். இனி மழையில் நனைந்துதான் ஆபீஸ் போக வேண்டும். மரகதாம்பாள் கரையேறியதற்கு நான் நனைகிறேன்.

போன தாள்களுக்கு வீடு வீடாக ஏறி இறங்கினேன். மல்லிகா வீட்டில் உப்புப் பொட்டலமாக ஒன்று. ஜெயா வீட்டில் ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக இரண்டு. பாக்கியலட்சுமி அம்மா அலமாரி இழுப்பறைக்கு விரித்துவிட்டார். "படிச்சிட்டுத் தரேன் தம்பி, நடுவுல இருந்து படிச்சாலும் நல்லாத்தான் இருக்கு" என்று என்னை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டார். ஒன்று பக்கத்து ஊரான புக்கிட் காதில் வரைக்கும் போயிருந்தது. டயருக்குப் பதிலாக ரப்பர் குழாயைச் சுற்றிய சைக்கிளில் அங்கே போய் வருவதற்குள் என் முதுகெலும்பு கழன்றுவிட்டது. வழியில் காவல் நின்ற சிப்பாய்க்குக் குனிந்து கும்பிட்டபோது சட்டைப் பையிலிருந்து தாள் வழுக்கி விழுந்தது. அவன் பிரித்துப் பார்த்தான், மோந்து பார்த்தான். கருவாட்டு வாடை. மூக்கைப் பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டான்.

வரிசைப்படுத்துவதற்காகச் சில தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். படிக்கவில்லை, புரட்டினேன். ஒரு சந்தேகம். வக்கீல் வேதமூர்த்தி என்கிறவர் யார்? நல்லவரா, கெட்டவரா? ஓர் இடத்தில் கண்ணீர் விடுகிறார், இன்னோர் இடத்தில் பல்லைக் கடிக்கிறார். சொர்ணத்தம்மாள் ஏன் வாயே திறப்பதில்லை? வரிசைப்படுத்த இது தெரிந்தாக வேண்டும்.

சேதுராமன்


செங்
1 செப்டம்பர் 1943

கிராணி ஐயா அவர்களுக்கு,

"மரகதாம்பாள் கரையேறியதற்கு" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே! அவள் பிழைத்துவிட்டாளா? அந்த வரியைப் படித்ததும் நான் போட்ட கூச்சலில், அப்பா கொல்லையிலிருந்து மண்வெட்டியோடு ஓடிவந்துவிட்டார். யார் காப்பாற்றினார்கள்? எப்படிக் கரையேறினாள்? ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

புரட்டினீர்களாம். படிக்கவில்லையாம். சொர்ணத்தம்மாள் வாய் திறப்பதில்லை என்பது புரட்டுகிறவர் கண்ணில் படாது. தாளை மடியில் வைத்துக்கொண்டு, கிழங்கைக் கடித்துக்கொண்டு, விளக்கில் எண்ணெய் தீரும் வரைக்கும் படித்தவருக்குத்தான் படும்.

சரி, உங்களிடம் முன்பாதி இல்லாமல் பின்பாதி இருக்கிறது. என்னிடம் முன்பாதி மனதில் இருக்கிறது, பின்பாதி இல்லை. பேரம் பேசுவோம். வேதமூர்த்தி, மரகதாம்பாளின் அப்பாவுக்குப் பழைய சிநேகிதர். அப்பா சாகும்போது பெண்ணை அவர் கையில்தான் ஒப்படைத்தார். சொர்ணத்தம்மாள் மரகதாம்பாளின் அத்தை. அண்ணன் செத்த அன்றிலிருந்து மௌன விரதம். ஆள் இருப்பதே தெரியாது. மாளிகைச் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் இருந்தது. இவ்வளவுதான் தருவேன். இப்போது உங்கள் முறை. ஆற்றில் என்ன நடந்தது?

தாள்களை அப்பாசாமி வண்டியில் அனுப்பாதீர்கள். போன வாரம் வழியில் வண்டியை நிறுத்தி மூட்டைகளைக் கொட்டிப் பார்த்தார்களாம். அங்கேயே பத்திரமாக இருக்கட்டும்.

அப்பாவும் கேட்கச் சொன்னார், அந்தச் சித்தப்பனைப் பாம்பு கடிக்குமா என்று.

பூங்காவனம்

பி.கு. குடையை விற்றது எனக்கு வருத்தம்தான். மழையில் நனையாதீர்கள். சளி பிடித்தால் உங்களுக்குச் சீக்கிரம் போகாது.


காஜா பேராங்
6 செப்டம்பர் 1943

அன்புள்ள பூங்காவனம்,

இனி மறைத்துப் பிரயோசனமில்லை. நான் படித்துவிட்டேன். சனிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்ததும் உன் பாயை அதே ஜன்னலோரம் விரித்தேன். இந்த வாரம் மிச்ச வீடுகளிலும் வாங்கிச் சேர்த்த தாள்களோடு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினேன். பிறகு நேற்று இருட்டும் வரை எங்கேயும் போகவில்லை, யாரோடும் பேசவில்லை. மல்லிகா வந்து "அண்ணே, உங்க வீட்டுல புகை வருது" என்று கத்திய பிறகுதான் அடுப்பில் கிழங்கு வைத்தது ஞாபகம் வந்தது. பானை போயிற்று. நீ சிரிப்பாய். சிரி. எனக்கே சிரிப்பு வந்தது. அப்புறம் வீட்டில் ஒருத்தரும் இல்லாததால் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. உன்னை நான் சோம்பேறி என்றேன். அந்த இரண்டு நாள் உனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆற்றைப் பற்றிக் கேட்டாயே. கறுப்பு அங்கிக்காரன்தான் படகில் வந்து அவளைத் தூக்கினான். முகத்தைக் காட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. கரையில் விட்டுவிட்டு மறைந்துவிட்டான். அதற்குப் பிறகு நடப்பதை எழுத மாட்டேன், நீயே படி. அது வேதமூர்த்திதான் என்பது என் கட்சி. உன் அப்பாவிடம் சொல், சித்தப்பனைப் பாம்பு கடிக்கவில்லை, ஆனால் தேள் கொட்டுகிறது.

இப்போது இரண்டு கஷ்டம்.

தாள் கொடுத்த பெண்களிடமெல்லாம் "பூங்காவனம் வந்ததும் முழுக்கதையையும் உட்கார வைத்துப் படிப்பாள்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் ஒருத்தியும் தாளை விடவில்லை. இன்னொன்று, கடைசித் தாள் இன்னும் கிடைக்கவில்லை. அங்கிக்காரன் முகத்திரையில் கை வைக்கிறான், தாள் தீர்ந்துபோகிறது. அது இருக்குமிடம் தெரியும். எதிர்வரிசை சிட்டி வீட்டு சீதா அக்கா வாங்கிய கருவேப்பிலையை நல்லையா அதில்தான் மடித்துக் கொடுத்திருக்கிறார். போய்க் கேட்கலாம் என்று வாசல் வரை போனேன். உனக்குத்தான் தெரியுமே, சிட்டிமார்கள் இங்கே வந்து பல தலைமுறையான தமிழர்கள், அவர்கள் பேச்செல்லாம் மலாய். தமிழ் எழுத்து அந்த வீட்டுக்குள் வருவது பூஜைக்கும் தேவாரத்துக்கும்தான். தமிழில் அச்சடித்த தாள் என்றதும் சீதா அக்கா அதை நீவி, மஞ்சள் தெளித்து, நாலு மூலையிலும் குங்குமம் வைத்து, சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறார். முன்னால் விளக்கு எரிகிறது. நான் போன சமயம் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "அக்கா, அது கொலைகாரச் சித்தப்பன் கதை" என்று எந்த வாயால் சொல்வேன்? நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நாளை காலை என்னை ஜாசினுக்கு அனுப்புகிறார்கள். நெல் விளைச்சல் கணக்கெடுக்க மூன்று வாரம். மாட்டேன் என்று சொல்லக்கூடிய காலமில்லை. வீட்டுச் சாவி மல்லிகாவிடம் இருக்கும். தாள்கள் உன் கலியாணப் பெட்டியில். ஒரு தாள் குறைகிறது, அதனால் வா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். வந்துவிடு.

உன்,
சேதுராமன்


காஜா பேராங்
9 செப்டம்பர் 1943

அன்புள்ள அத்தானுக்கு,

வந்துவிட்டேன். நீங்கள் இல்லாத வீட்டுக்கு வந்து சேர்வதற்கா இவ்வளவு சண்டை என்று கதவைத் திறக்கும்போது அழுகை வந்தது. கரிப்பிடித்த பானையைக் கொல்லையில் பார்த்ததும் போய்விட்டது.

ஒரு தாள் குறைந்தால் வர மாட்டேன் என்று சொன்னவள்தான். ஆனால் மழையில் நனைந்து, சிப்பாய்க்குக் குனிந்து, ஊறுகாய் ஜாடிகளைத் திறந்து பார்த்து ஒரு மனுஷர் இவ்வளவையும் சேர்த்த பிறகு, அந்த ஒரு தாளையும் அவரே கொண்டுவர வேண்டும் என்று உட்கார்ந்திருந்தால் நான் என்ன பெண்? அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நம் வீட்டில் படிப்பு என்று சொல்லிவிட்டேன். அந்த இரண்டு நாள் யாரும் கிழங்கு சீவக் கூடாது, கொல்லை கொத்தக் கூடாது. வெள்ளிக்கிழமையே அவித்து வைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். "ரெண்டு நாளும் சும்மாவா உக்காந்திருக்கறது?" என்று பாக்கியலட்சுமி அம்மா வாயைப் பிளந்தார். ஆமாம், சும்மா என்றேன்.

ஒன்றுதான் பயம். நாலு பேர் கூடினாலே என்ன கூட்டம் என்று கேட்கிற காலம் இது. நம் தெருவுக்குக் கைப்பட்டை கட்டிய காவல்காரன் ஒருத்தன் புதிதாக வந்திருக்கிறான். மலாயும் சீனமும் பேசுகிறான், தமிழ் தெரியாது. பார்ப்போம்.

அங்கிக்காரன் வேதமூர்த்தி இல்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
பூங்காவனம்


ஜாசின்
11 செப்டம்பர் 1943

அன்புள்ள பூங்காவனம்,

நீ வீட்டில் இருக்கிறாய் என்று படித்ததும் எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. இங்கே நிஜமாக வயிறு நிறைவது அபூர்வம்.

இன்று சனிக்கிழமை. இந்நேரம் நீ பாயில் உட்கார்ந்து முதல் அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருப்பாய். நான் வரப்பில் நின்று நெற்கதிரை எண்ணிக்கொண்டிருக்கிறேன். என்னோடு வந்திருக்கும் கிராணிமார்களுக்குப் பொழுது போவதற்காக மரகதாம்பாள் கதையைச் சொன்னேன். முகத்திரை வரைக்கும் வந்து நிறுத்தியதும் என்னை அடிக்க வந்துவிட்டார்கள். ஒருத்தர் வேதமூர்த்தி என்கிறார். ஒருத்தர் செத்துப்போன அப்பாவே வந்திருக்கிறார் என்கிறார். எனக்கே என் கட்சியில் நம்பிக்கை குறைந்துவிட்டது. கடைசித் தாள் கிடைத்தவுடன் ஆபீஸ் லாரியில் எழுதி அனுப்பு. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆனால் ஆள் கூடுவது எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே போன வாரம் ஒரு வீட்டில் சீட்டாடியவர்களையே இழுத்துக்கொண்டு போனார்கள். ஏதாவது ஒரு மாதிரியாகத் தெரிந்தால் உடனே நிறுத்திவிடு. கதை ஓடிவிடாது. உனக்கு ஒன்று என்றால் என்னால் தாங்க முடியாது, பூங்காவனம். இதை நேரில் சொல்ல எனக்கு வராது, எழுதிவிடுகிறேன்.

உன்,
சேதுராமன்


காஜா பேராங்
13 செப்டம்பர் 1943

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலைதான் கிடைத்தது. நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள். நல்லவேளை, தாமதமாக வந்தது.

சனிக்கிழமை நம் கூடம் கொள்ளவில்லை. மல்லிகா, ஜெயா, பாக்கியலட்சுமி அம்மா, அவர்கள் கூட்டி வந்தவர்கள், கூட்டி வந்தவர்கள் கூட்டி வந்தவர்கள். சீதா அக்காவும் வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டார். நான் படிக்கப் படிக்க ஜெயா பக்கத்திலிருந்து மலாயில் சொல்லிக்கொண்டே வந்தாள். மழை பெய்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. சாய்ந்தவர்கள் சாய்ந்தபடி, காலை நீட்டியவர்கள் நீட்டியபடி. பாக்கியலட்சுமி அம்மா தூணில் சாய்ந்து, "இப்படி உக்காந்து எத்தன காலமாச்சு" என்று இரண்டு தடவை சொன்னார். மரகதாம்பாள் ஆற்றில் குதித்ததும் சீதா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். தேள் கொட்டியதும் எல்லாரும் கை தட்டினார்கள், நான்தான் அடக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முகத்திரைக்கு வந்துவிட்டோம். இனி மறைக்க வழியில்லை. "அக்கா, மிச்சம் உங்க வீட்டு மாடத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டேன். ஜெயா அதை மலாயில் சொன்னாள். சீதா அக்கா எழுந்து, தாள் அங்கிருந்து கீழே இறங்காது, விளக்கேற்றி வைத்ததை இறக்கும் வழக்கமில்லை, வேண்டுமானால் எல்லாரும் கை கால் கழுவிவிட்டு அங்கே வாருங்கள் என்றார். "சாமி மட்டும் ஏன் சும்மா இருக்கணும்? அதுவும் கேக்கட்டும்" என்றாராம். ஜெயாதான் சொன்னாள்.

ஆக, அத்தனை பேரும் அந்த வீட்டுக் கூடத்தில் மாடத்தைப் பார்த்து உட்கார்ந்தோம். நான் முன்னால் சீதா அக்காவுக்குப் பக்கத்தில் நின்று, முருகன் படத்துக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த தாளை நிமிர்ந்து பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன். நாலு வரி போயிருக்கும். வாசலில் பூட்ஸ் சத்தம். கைப்பட்டைக்காரன், அவனுக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒரு ஜப்பான் சிப்பாய். என்ன கூட்டம் என்று கைப்பட்டைக்காரன் மலாயில் கேட்டான். சீதா அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், கும்பிட்ட கையைப் பிரிக்காமல், "செம்பாயாங்" என்றார். பூஜை என்று அர்த்தம். மல்லிகாவும் ஜெயாவும் சட்டென்று கை குவித்தார்கள். பாக்கியலட்சுமி அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டார்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தெரிந்துவிடும். மரகதாம்பாளைத் தேவாரம் மாதிரி இழுத்து இழுத்துப் பாடினேன். "அப்பொழுது அந்தக் கறுப்பு அங்கியணிந்த உருவமானது தன் முகத்திரையை விலக்கிற்று" என்று ராகம் போட்டேன். அடுத்த வரியைப் பார்த்தேன். இருந்தது ஒரே வரி. "முதற் பாகம் முற்றிற்று."

அவ்வளவுதான், அத்தான். முகம் யாருடையது என்று அந்தப் பாவி எழுதவில்லை. இரண்டாம் பாகம் என்று ஒன்று எங்கேயோ இருக்கிறது, நம்மிடம் இல்லை. சிப்பாய் வாசலில் நிற்கிறான், தாள் முடிந்துவிட்டது. இத்தனை பேரைக் கூட்டி வைத்தவள் நான். பாதியில் நின்று விழித்தால் எல்லாரையும் அல்லவா கொண்டு போவான்?

கண்ணை அந்தத் தாளிலேயே நட்டுக்கொண்டு நானே பாட ஆரம்பித்தேன். முகத்திரை விலகிற்று, உள்ளே இருந்தது இன்னார் என்று ஒரு பெயரைச் சொன்னேன். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, வாயில் வந்துவிட்டது. பின்னால் மல்லிகா "ஐயோ!" என்று அலறினாள். பக்தியில் அலறுகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, சிப்பாய் தொப்பியைக் கழற்றினான். மாடத்தைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தான். கைப்பட்டைக்காரனும் அரக்கப்பரக்கக் குனிந்தான். இத்தனை நாளாக நாம்தானே அவர்களுக்குக் குனிகிறோம்! இருவரும் படியிறங்கிப் போகும் வரைக்கும் நான் பாடிக்கொண்டே இருந்தேன்.

போன பிறகும் நிறுத்த முடியவில்லை. ஒருத்தரும் விடவில்லை. பயந்தது, நடுங்கியது எல்லாம் மறந்து, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்கிறார்கள். அப்புறம் என்ன என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. சித்தப்பனைக் கூண்டில் ஏற்றினேன். சாவியை மரகதாம்பாள் கையில் கொடுத்தேன். சாவி கிடைத்ததும் அவள் கலியாணம் செய்துகொண்டு ஓய்ந்துவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நான் அவளைக் குதிரையில் ஏற்றிவிட்டேன். பொழுது சாயும்போது அவளை ஒரு காட்டுக்கு நடுவில் நிறுத்திவிட்டு, மிச்சம் சனிக்கிழமை என்றேன். பெண்கள் போட்ட சத்தம் ஜாசினுக்கே கேட்டிருக்கும்.

எல்லாரும் போன பிறகு சீதா அக்கா என்னைப் பிடித்து நிறுத்தினார். "உன் கண் கடைசி வரியிலேயே நின்றுவிட்டது. வாய் மட்டும்தான் ஓடியது" என்று எனக்கும் புரிகிற எளிய மலாயில் மெதுவாகச் சொன்னார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சனிக்கிழமையும் இங்கேயே மாடத்துக்கு முன்னால்தான் நடக்க வேண்டும், அதுதான் பத்திரம் என்றார். ஆக, இந்த ரகசியம் தெரிந்தவர்கள் அவரும் நானும் நீங்களும்தான்.

எனக்கு இப்போது என்னவோ போல இருக்கிறது. சந்தோஷம்தான், வேறு பெயர் தெரியவில்லை. இரண்டு நாள் சும்மா சாய்ந்து ஒரு கதையைப் படிக்கத்தான் ஆசைப்பட்டேன். இப்போது ஒரு தெருவே, மரகதாம்பாளை நான் எங்கே கூட்டிப் போவேன் என்று காத்திருக்கிறது. இன்று காலை அரிசி வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெண் என்னைத் தனக்கு முன்னால் நிற்க வைத்து, "காட்டுல அவளுக்குக் கெடுதல் ஒண்ணும் வராதில்ல?" என்று காதில் கேட்டாள். யோசிக்கிறேன் என்றேன். ராணி மாதிரி சொன்னேன்.

முகத்திரைக்குள் இருந்தது யார் என்று இதில் எழுத மாட்டேன். உங்கள் கிராணிமார்களிடம் வேதமூர்த்தி இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதெல்லாம் நீங்கள் நேரில் வந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. கணக்கு முடிந்ததும் ஒரு நாள்கூடத் தங்காமல் வந்துவிடுங்கள். ஆனால் எந்தச் சனிக்கிழமை வந்தாலும் மத்தியானம் சீக்கிரமாக வர வேண்டும். முன்வரிசை இப்போதே போய்விட்டது, பெண்கள் பாய் போட்டு வைத்துவிட்டார்கள். தாமதமாக வருகிறவர் கிராணியாக இருந்தாலும், கதை சொல்பவளின் புருஷனாகவே இருந்தாலும், வாசற்படியில்தான் உட்கார வேண்டும்.

உங்கள்,
பூங்காவனம்